ஆஜரானோர் ஐவர்

அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதியவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் அந்தப் பொய்க்குள் நாலு பேரை உட்காரவைத்து, டீ கொடுத்து, அவர்களுக்குள் சண்டை மூட்டி, பிறகு நானே சமாதானமும் செய்துவைத்து, ‘கூட்டம் நன்றியுரையுடன் நிறைவுற்றது’ என்று முடித்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனி யாரும் என்னை சஸ்பெண்ட் செய்யமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். (செய்தாலும் பரவாயில்லை. வீட்டில் ஒரு வாரத் துணி மடிக்காமல் கிடக்கிறது.)

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பீர்மேடு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். எஸ்டேட்டில் நாங்கள் இருந்த வீட்டுக்கு லயம் என்று பெயர். பத்து வீடு, ஒரே கூரை. முதல் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து “என்னட்டி, சளியா?” என்று கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். தமிழ் டீச்சராக திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தபோது, அப்பாடா, இனி நிம்மதியாகத் தும்மலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

நிம்மதியாகத்தான் தும்மினேன். எட்டு மாதம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கரமனையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். என் அறையில் இன்னொரு கட்டில் ஒரு நர்ஸுடையது. அவளுக்கு எப்போதும் நைட் டூட்டி. நான் காலையில் கிளம்பும்போது அவள் வந்து போர்வைக்குள் போவாள். நான் சாயங்காலம் வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைவிட அவள் போர்வையின் பூப்போட்ட டிசைன்தான் எனக்கு அதிகம் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால், திங்கட்கிழமை காலை வரைக்கும் என் வாயிலிருந்து வெளிவரும் வார்த்தைகள் “ஒரு மசால் தோசை”, பஸ்ஸில் “கிழக்கேகோட்டை ஒண்ணு”, அப்புறம் ஃபோனில் அம்மாவிடம் “சாப்ட்டேன்மா”.

பள்ளிக்கூடம் ‘சாலை’ என்கிற பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால், ஆரியசாலையிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரே கட்டடம். வலது பக்கம் மலையாளப் பிரிவு, இடது பக்கம் தமிழ்ப் பிரிவு. எங்கள் பக்கம் நாலு வகுப்பிலும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். இன்னொரு தமிழ் டீச்சர் நீண்ட மெடிக்கல் லீவில் இருந்ததால் நாலு வகுப்புக்கும் நானே. மூன்றாம் வகுப்பின் கூரை ஒழுகும். குழாயில் பதினொரு மணிக்கு மேல் தண்ணீர் வராது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படியே போனால் அடுத்த வருஷம் பெற்றோர்கள் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள், தமிழ்ப் பிரிவை மூடிவிடுவார்கள், என்னை வேறெங்காவது தூக்கிப் போடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நிலையில்தான் ஜூன் மாதத்தில் ஒருநாள் தலைமையாசிரியை லீலாம்மா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. மலையாளி. எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழ் பேசுவார்.

“கோமதி டீச்சரே, தமிழ்ப் பிரிவுக்கு ஒரு டெவலப்மென்ட் பிளான் எழுதணும் கேட்டோ. நம்ம ஸ்கூலுக்கு என்னெல்லாம் வேணும்னு. ஒரு கமிட்டி உண்டாக்கி, மீட்டிங் வச்சு, மினிட்ஸ் எழுதி, பின்னே பிளான். அஞ்சு மீட்டிங்காவது காணிக்கணும். ஆபீஸ்லேர்ந்து ஆள் வரும்.”

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கோ கமிட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்தோஷம் தாங்கவில்லை. கமிட்டி என்றால் ஆட்கள். ஆட்கள் என்றால் பேச்சு. சனிக்கிழமைகளில். (பள்ளிக்கூடத்தின் முன்னேற்றம் எனக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

அன்றைக்கே கமிட்டி அமைத்தேன். தலைவர், பிடிஏ பிரசிடென்ட் வேலாயுதம் அண்ணாச்சி. ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். அவர் பேத்தி எங்களிடம் இரண்டாம் வகுப்பு. முன்னாள் மாணவர் சார்பில் ஹரிஹரன் சார், கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருப்பவர், ஏதோ கணக்கு ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். தாய்மார் சார்பில் முத்துமாரி, கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் காய்கறி நறுக்கும் வேலை. அவள் மகள் பவித்ரா மூன்றாம் வகுப்பு. அப்புறம் லீலாம்மா டீச்சர். கன்வீனர், நான்.

முதல் கூட்டம் சனிக்கிழமை காலை பத்தரைக்கு. ஃபிளாஸ்க்கில் டீ, பொட்டலத்தில் பத்து உளுந்து வடை, நாலு பக்கக் குறிப்பு, என்னுடைய நல்ல சேலை. மூன்றாம் வகுப்பைப் பெருக்கி, குட்டி பெஞ்சுகளை வட்டமாகப் போட்டேன்.

பத்தரைக்கு அண்ணாச்சி ஃபோன் செய்தார். “டீச்சரம்மா, லோடு வந்து நிக்குல்லா. நீங்க பாத்து செஞ்சிருங்க. நான் சொல்றதுக்கு என்ன இருக்கு.”

பதினொன்றுக்கு ஹரிஹரன் சார். “நேக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கும்மா. வெயில்ல போகப்படாதுன்னுட்டா. நீ தீர்மானத்தைப் போட்டுடு, நான் சம்மதம்.”

லீலாம்மா டீச்சர் மகள் வீட்டுக்குக் கொட்டாரக்கரை போயிருந்தார். முத்துமாரியிடமிருந்து ஃபோனே இல்லை. சனிக்கிழமை ஹோட்டலில் லீவு கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்த பெஞ்சு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் தாடைக்கு வரும். மூன்று வடை சாப்பிட்டேன். பிறகு மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, ‘கூட்டம் நடைபெற்றது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் தேவை என முடிவு செய்யப்பட்டது’ என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்தது. ஐந்து பேர் கூடி இரண்டே வரியில் முடிவெடுப்பார்களா? நம் ஊரில்? ஆகவே நம்பகத்தன்மைக்காக ஒரு சண்டை சேர்த்தேன். ‘முதலில் கூரையா, தாழ்ப்பாளா என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது.’

அது நன்றாக இருந்தது. மேலும் ஒரு வரி. ‘திரு. வேலாயுதம் அவர்கள் கூரையே முக்கியம் என வாதிட்டார்.’ அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. ‘திரு. ஹரிஹரன் அவர்கள் அதை மறுத்தார்.’ நாலு பக்கம் ஆனபோது மணி இரண்டு. அன்றைக்கு ஹாஸ்டலுக்கு நடந்து போகும்போது எனக்கு உண்மையாகவே ஆட்களோடு பேசிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

இரண்டாவது கூட்டத்தன்று மழை. யாரும் வரவில்லை. அண்ணாச்சி தான் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையை நினைத்துக் கண்கலங்கினார். (அவர் எங்கே படித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) லீலாம்மா டீச்சர் எழுந்துபோய் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். மூன்றாவது கூட்டத்தில் ஹரிஹரன் சார் நூலகம்தான் முதலில் வேண்டும் என்று மேசையைத் தட்டினார். பிறகு குழந்தைகளுக்குத் தண்ணீர்தான் அவசரம் என்று உணர்ந்து பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். நெகிழ்ந்துபோன அண்ணாச்சி, தன் கடை சார்பில் தண்ணீர்த் தொட்டி வைத்துத் தருவதாக வாக்களித்தார். அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன ஒரு ஜோக்குக்கு எல்லோரும் சிரித்ததாகவும் எழுதினேன். ஜோக் என்ன என்று எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

நாலாவது கூட்டத்துக்கு நான் யாருக்கும் நோட்டீஸே அனுப்பவில்லை. யாராவது வந்துவிட்டால் கெடுத்துவிடுவார்கள் என்று பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ஃபோன் செய்தால் இதெல்லாம் அவளுக்கும் போகும். அதுவரை அம்மா கேட்கும் “பழக்கமான ஆளு யாராச்சும் உண்டா?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருந்தது. “அண்ணாச்சி இன்னைக்கு அழுதுட்டாரும்மா.” “அய்யோ பாவம். நல்ல மனுஷன் போல.” அடுத்த வாரம் அம்மாவே கேட்பாள். “அந்த ஐயரு கோவம் தீந்துச்சா? அண்ணாச்சிகூடப் பேசுறாரா?” பேசுகிறார் என்று சொல்வேன். அம்மாவுக்குச் சந்தோஷம். மகள் ஊரில் நாலு பெரிய மனிதர்களோடு பழகுகிறாள்.

ஐந்தாவது கூட்டத்துக்கு முந்தைய வாரம், பவித்ரா கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புவதைக் கவனித்தேன். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டேன்.

“குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர்.”

“வந்தா போக வேண்டியதுதானே.”

“கதவப் பிடிச்சுக்க ஆள் இல்ல. என் ஃப்ரெண்டு சுமையா லீவுல்ல.”

இதை மினிட்ஸில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. யார் சொன்னதாக எழுதுவது? எட்டு வயதுப் பிள்ளை கமிட்டியில் இல்லை. ‘திருமதி முத்துமாரி அவர்கள், தன் மகள் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை என்று கூறினார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை’ என்று எழுதினேன். அந்த ஐந்து கூட்டத்திலும் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான்.

கையெழுத்து வாங்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அண்ணாச்சி மிளகாய்த் தூள் படிந்த விரலோடு ஐந்து இடத்தில் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. ஹரிஹரன் சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே போட்டார். லீலாம்மா டீச்சர் சாப்பாட்டு அரிசிக் கணக்குக்கு நடுவில் போட்டார். ஹோட்டல் பின்வாசலில் முத்துமாரி மட்டும் கையைத் துடைத்துவிட்டுத் தயங்கினாள்.

“நான் வரலியே டீச்சர். போடலாமா?”

“போடுங்கக்கா. எல்லாரும் போட்டிருக்காங்க. அடுத்த தடவை வந்திருங்க.”

அவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, ஐந்து தடவை, எழுதினாள்.

ஆகஸ்டில் விகசன செமினார் வந்தது. விகசனம் என்றால் மலையாளத்தில் வளர்ச்சி. பிளானை எல்லோர் முன்னாலும் வைத்து ஒப்புதல் வாங்கும் விசேஷம். பேனர் கட்டி, வாழைப்பழமும் பருப்பு வடையும் வாங்கி, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் இருந்த மரத் தட்டியை எடுத்துவிட்டு ஹால் ஆக்கினோம். ஆபீஸிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் லோடும் கண்ணும் ஒன்றும் குறுக்கே வரவில்லை. அண்ணாச்சி சலவை வேட்டியில், ஹரிஹரன் சார் அங்கவஸ்திரத்தில், முத்துமாரி எப்படியோ ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு. என் கமிட்டி ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஒவ்வொருவரும் மற்ற நாலு பேர் கூடியிருப்பார்கள், தான் மட்டும்தான் போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி ஐம்பது வயது, சாந்தமான முகம். பிளானைப் புரட்டினார், தலையாட்டினார். பிறகு, “மினிட்ஸ் புக்?” என்று கையை நீட்டினார்.

நான் பதற்றமே படவில்லை. புத்தகம் முழுக்கத் தமிழ். ஆபீஸ்காரர்கள் கையெழுத்தை எண்ணுவார்கள், முத்திரை பார்ப்பார்கள், மூடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் மூடவில்லை. ஒரு பக்கம் திருப்பினார். சிரித்தார். இன்னொரு பக்கம். பிறகு என்னைப் பார்த்துச் சுத்தமான தமிழில் சொன்னார்: “நான் தேவிகுளத்துல, தமிழ் எஸ்டேட்காரங்க நடுவுல, எட்டு வருஷம் வேலை பாத்தேன் டீச்சர். இந்த மாதிரி மினிட்ஸ் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. எல்லாரும் கேக்கணும்.”

எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வரி தமிழ், அதற்கு மலையாளம், மறுபடி தமிழ்.

இரண்டாவது கூட்டத்தில் அண்ணாச்சி கண்கலங்கிய இடம் வந்தபோது ஹாலில் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பேனரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து மெதுவாகக் கண்ணை ஒற்றிக்கொண்டார். லீலாம்மா டீச்சர் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்த வரியைக் கேட்டதும், டீச்சர் சுழலாத ஃபேனை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். கடைசிவரைக்கும் பார்வையை இறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வாக்குறுதிக்குக் கைதட்டல். அண்ணாச்சி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். (வேறென்ன செய்ய முடியும் பாவம்.) ஹரிஹரன் சார் மேசையைத் தட்டிய இடத்தில் சார் மட்டும் குறுக்கிட்டார்.

“ஒரு சின்னத் திருத்தம். நான் மேசையெல்லாம் தட்டமாட்டேன். ரூல் நம்பர் சொல்லித்தான் பேசுவேன். மத்தபடி சரி.”

எனக்கு ஒரு நிமிஷம் தப்பித்துவிடலாம் என்றே தோன்றியது. மூன்று பேர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரவர் கௌரவத்துக்காகத்தான், ஆனாலும் எனக்கு அது சிநேகம் மாதிரி இருந்தது.

அப்போது அதிகாரி ஐந்தாவது கூட்டத்துக்கு வந்தார். தண்ணீர் குடிக்காத பிள்ளை. வாசித்துவிட்டு நிமிர்ந்தார், குரல் இறங்கியிருந்தது. “இந்த அம்மா வந்திருக்காங்களா?”

முத்துமாரி கடைசி வரிசையில் எழுந்தாள். சேலையில் வெங்காய வாசனை முன் வரிசை வரைக்கும் வந்தது.

“நீங்க சொன்னதைக் கொஞ்சம் உங்க வாயாலேயே சொல்லுங்கம்மா.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “நான் சொல்லல சார். நான் எந்தக் கூட்டத்துக்கும் வரல. கையெழுத்து மட்டும்தான் போட்டேன். தப்புதான்.” சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “பிள்ள தண்ணி குடிக்காம இருக்கான்னு எனக்குத் தெரியாது சார். என்கிட்ட அவ சொல்லல.”

அதிகாரி புத்தகத்தில் விரலை வைத்தபடி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி லோடு பற்றி ஏதோ சொன்னார். ஹரிஹரன் சார் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். லீலாம்மா டீச்சர் ஃபேனிலேயே இருந்தார்.

“அப்போ கூட்டத்துல யார்தான் இருந்தது?”

“நான் இருந்தேன் சார்,” என்றேன்.

“வேற?”

“வேற யாரும் இல்ல சார்.”

“அஞ்சு கூட்டத்துக்குமா?”

“அஞ்சுக்கும்.”

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். “அப்போ இந்த டீ?” என்று மட்டும் கேட்டார்.

“டீ உண்மை சார். நான் குடிச்சேன்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். மலையாளப் பிரிவு டீச்சர்கள், பெற்றோர்கள், பேனர் கட்ட வந்த ஆள் வரைக்கும். நானும் சிரிக்க முயன்றேன். உதடு ஒத்துழைக்கவில்லை.

பிளான் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு மாதத்துக்குள் உண்மையான கூட்டங்கள் நடத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்கு ஒரு மெமோ: பதிவேட்டில் நடக்காத கூட்டங்களை எழுதியதற்குக் காரணம் என்ன? லீலாம்மா டீச்சர் அறையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் எனக்குத் தெரியும். அதை அலுவலக மலையாளத்தில் எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. தமிழிலும் தெரிந்திருக்காது.

டீச்சர் பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். “‘பரிசயக்குறவு’னு எழுதிக்கோ,” என்றார். அனுபவமின்மை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது என் சர்வீஸ் ஃபைலில் இன்னும் இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே முத்துமாரி நின்றிருந்தாள். வேலைக்குத் திரும்ப நேரமாகியும் போகவில்லை.

“உங்களக் காட்டிக் குடுத்துட்டேன் டீச்சர்.”

“இல்லக்கா. நான்தான் உங்களப் பொய்க் கையெழுத்துப் போட வச்சேன்.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “உங்ககிட்ட சொல்லியிருக்காளே. என்கிட்ட ஏன் சொல்லல?”

காலையில் பவித்ரா எழுவதற்குள் நீங்கள் போய்விடுகிறீர்கள், நீங்கள் வருவதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். முத்துமாரிக்கும் தெரியும். பிறகு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அம்மா ஃபோன் செய்தாள். மூன்று மாதமாக ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்த கதையின் முடிவுக்காகக் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குப் புரிய நேரம் பிடித்தது.

“அப்போ அண்ணாச்சி அழுதது?”

“அழலம்மா.”

“ஐயரு விட்டுக் குடுத்தது?”

“இல்லம்மா.”

“ரெண்டு பேரும் சேந்து வடை தின்னது?”

“நான்தாம்மா தின்னேன்.”

லயத்தில் யாரோ யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்: “அப்போ ஒவ்வொரு சனிக்கெழமையும் நீ அங்க தனியாவா உக்காந்திருந்தே?”

“டவர் சரியில்லம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உண்மையான கூட்டங்கள் நடந்தன. அதிகாரிக்குப் பயந்து எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். ஹரிஹரன் சார் ரூல் நம்பர்கள் சொன்னார். அண்ணாச்சி ஃபோனில் மல்லி விலை பேசிக்கொண்டே தலையாட்டினார். லீலாம்மா டீச்சர் வாட்ஸ்ஆப் பார்த்தார். முத்துமாரி ஹோட்டலில் சண்டை போட்டு அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து, தாழ்ப்பாள் என்ற ஒரே விஷயத்தைப் பேசிவிட்டு, வேறு எதற்கும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு கூட்டமும் இருபது நிமிஷம். மினிட்ஸ் முக்கால் பக்கம். யாரும் கலங்கவில்லை, யாரும் யாருக்கும் டீ ஊற்றவில்லை. மிச்ச வடைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கரமனைக்கு நடக்கும்போது, நான் எழுதிய அண்ணாச்சியும் ஹரிஹரன் சாரும் எங்கே போனார்களோ என்று ஏக்கமாக இருந்தது. இவர்களைவிட அவர்கள் எனக்கு நெருக்கமாக இருந்தார்கள்.

ஆனாலும் தாழ்ப்பாள் வந்தது. கடைசிக் கூட்டத்துக்கு மறுநாளே அண்ணாச்சி ஆள் அனுப்பிப் போட்டுவிட்டார். தண்ணீர்த் தொட்டியும் வந்தது, அவர் கடைப் பெயரோடு. “நாலு பேர் முன்னால கும்பிட்டாச்சு டீச்சரம்மா, இனி எப்படி இல்லேங்க?” என்றார். கூரைக்கு இரண்டு வருஷம் ஆனது. தமிழ்ப் பிரிவை இன்னும் மூடவில்லை.

நானும் இதே ஊரிலேயே தங்கிவிட்டேன். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். அண்ணாச்சி இந்தக் கதையைச் சாலைக் கடைத்தெரு முழுவதும் பரப்பியிருந்ததால், என் வீட்டுக்காரருக்குப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அம்மா தன் பங்குக்குப் பேத்திக்குச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி உண்டு. ‘பஸ்ஸில் ஒரு அம்மா என்னிடம் நன்றாகப் பேசினார்கள்’ என்பேன். ‘ஸ்டாஃப் ரூமில் நான் சொன்ன ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தார்கள்’ என்பேன். அப்பாவும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள்: “நடந்ததா, மினிட்ஸா?”

இந்த ஓணம் லீவுக்கு மகள் எஸ்டேட்டுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரருக்குக் காசர்கோட்டில் வேலை. ஓணத்துக்கு வர ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. திருவோணத்தன்று மத்தியானம் ஒரு டம்ளர் அரிசி வைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தேன். மகள் ஃபோன் செய்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

“என்னம்மா பண்றே?”

“பக்கத்து வீட்டுல எல்லாரும் வந்திருக்காங்கடி. பாயசம் வச்சேன். பேசிட்டிருக்கோம்.”

“நடந்ததா, மினிட்ஸா?”

ஒரு கணம் யோசித்தேன். “மினிட்ஸ்,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இரைச்சல் குறைந்தது, எங்கேயோ வெளியே தள்ளி வந்து நின்றிருக்க வேண்டும்.

“சரி,” என்றாள். “யார் யாரு வந்திருக்காங்க? ஒவ்வொருத்தரா சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தேன்.